அம்மம்மாவுக்கு வந்த ஒன்பது மெசேஜ்

போன வருசம் ஆவணியில் ஒருநாள் இரவு ஒன்பதரை மணிபோல அம்மா கோல் எடுத்தா. விடுதியில் மற்றப் பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டு வந்து கட்டிலில் சாய்ந்திருந்த நேரம். நான் மட்டும் லப்டொப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

"பிள்ளை, அம்மம்மாவுக்குக் கிளினிக் எண்டு மெசேஜ் வந்திருக்கு."

குரலில் பதற்றம் ஒன்றும் இல்லை. கரண்ட் பில் வந்திருக்கு என்று சொல்வதுபோலத்தான் சொன்னா. கொஞ்சம் பொறுத்து, "ஒண்டில்லை. ஒன்பது" என்றா.

அம்மம்மா அந்த வருசம் தையில் மோசம் போயிட்டா. அந்தியேட்டி முடிந்தே அரை வருசம் ஆகியிருந்தது.

அந்த ஒன்பது மெசேஜையும் அனுப்பியது நான். வேண்டுமென்று இல்லை. எப்படி அனுப்பினேன் என்பதைத்தான் எழுதப்போகிறேன். கொஞ்சம் கோட் பற்றிய கதை. ஆனால் கோட் தெரியாதவர்களுக்கும் விளங்கும். ஏனென்றால் எனக்கே இதெல்லாம் நாடகத்தை வைத்துத்தான் விளங்கியது.

நான் கலைப்பீடம். நாடகமும் அரங்கியலும் படிக்கிறேன். உயர்தரம் எழுதிவிட்டுக் கம்பஸ் அனுமதிக்குக் காத்திருந்த காலத்தில், வீட்டில் சும்மா இருந்தால் கலியாணப் பேச்சு தொடங்கிவிடும் என்ற பயத்தில், ஒரு கணினி வகுப்புக்குப் போனேன். அங்கே பைதன் படித்தேன். பிடித்துக்கொண்டது. கம்பஸ் வந்த பிறகும் விடவில்லை. "ஆர்ட்ஸ் படிக்கிற உனக்கு உது என்னத்துக்கு?" என்று கேட்காத ஆளில்லை. இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள்தான் மற்றப்பக்கம் திரும்பி, "ஆர்ட்ஸ் படிச்சு என்ன வேலை எடுக்கப்போறாய்?" என்றும் கேட்பார்கள். ரெண்டில் ஒன்றைக் கேளுங்கோவன்.

எங்கட ஊர்ச் சனசமூக நிலையத்தில் நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு சின்ன வேலை தொடங்கினோம். ஊரில் பிறசர், சீனி வருத்தம் என்று மாதாமாதம் கிளினிக் போகிற வயது போனவர்கள் நிறைய. பிள்ளைகள் வெளிநாட்டில். கிளினிக் கொப்பியில் அடுத்த திகதி எழுதியிருக்கும், ஆனால் கொப்பி அலுமாரிக்குள் இருக்கும். திகதியைத் தவறவிட்டால் மருந்து முடிந்துவிடும். பிறகு முதல் பஸ்ஸில் போய், ஆட்களைக் கெஞ்சி, நம்பர் எடுத்து... அதுக்குத்தான் ஒரு நினைவூட்டி. முதல் நாள் பின்னேரம் ஆறு மணிக்கு வீட்டு நம்பருக்கு ஒரு மெசேஜ் போகும். அவ்வளவுதான். கோட் எழுதினது நான். கொழும்பில் மென்பொருள் வேலை செய்யும் எங்கட ஊர் அண்ணா ஒராள் அதைப் பார்த்துத் திருத்தித் தருவார்.

அண்ணா முதல் நாளே சொன்ன விசயம்: "தங்கச்சி, டெஸ்ட் இல்லாமல் இதை ஊருக்குக் குடுக்கக்கூடாது."

டெஸ்ட் என்றால் நீங்கள் எழுதின கோட்டைச் சோதிக்க நீங்களே எழுதும் இன்னொரு கோட். கிளினிக் 12ஆம் திகதி என்றால் 11ஆம் திகதி மெசேஜ் போகவேண்டும். 10ஆம் திகதி போகக்கூடாது. ஒருக்கால் அனுப்பினதைத் திரும்ப அனுப்பக்கூடாது. நம்பர் இல்லாவிட்டால் விழுந்து நொறுங்கக்கூடாது. இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு டெஸ்ட். கோட்டில் எதை மாற்றினாலும் எல்லாத்தையும் ஒருதரம் ஓட்டிப் பார்க்கலாம். சில செக்கன்தான்.

ஆனால் இந்தக் கோட்டின் வேலையே மெசேஜ் அனுப்புவது. டெஸ்ட் ஓட்டும்போதெல்லாம் உண்மையாக மெசேஜ் போனால்? ஒவ்வொன்றுக்கும் காசு. போன மெசேஜைத் திருப்பி எடுக்கவும் ஏலாது. இங்கேதான் மொக் வருகிறது.

நாடக ஒத்திகைக்கு எல்லா நடிகரும் எல்லா நாளும் வருவதில்லை. அரசனாக நடிக்கிறவருக்கு அண்டைக்கு டியூசன் வகுப்பு இருக்கும். அப்ப ஆரையாவது பிடித்து அரசன் நிற்கவேண்டிய இடத்தில் நிறுத்துவோம். கையில் பிரதி. சிலநேரம் வசனம்கூடத் தேவையில்லை, தூண் மாதிரி நின்றால் போதும், மந்திரி யாரைப் பார்த்துப் பேசுவது என்று தெரிந்தால் சரி. முதலாம் வருசத்தில் நான் செய்த பெரிய பாத்திரமே இதுதான், வராத ஆட்களின் பதிலாள்.

ஜெராட் மெசாரோஸ் என்பவர் 2007இல் வெளிவந்த தன் புத்தகத்தில் இந்தப் பதிலாட்களுக்கெல்லாம் பொதுவாக 'டெஸ்ட் டபிள்' என்று பெயர் வைத்தார். சினிமாவில் ஹீரோவுக்குப் பதிலாக மாடியிலிருந்து குதிக்கிறாரே, ஸ்டண்ட் டபிள், எங்கட பாசையில் டூப், அதிலிருந்து எடுத்த பெயர். சும்மா நிற்கிறது டம்மி. கேட்ட கேள்விக்கு முன்கூட்டிச் சொல்லிக்கொடுத்த பதிலைச் சொல்கிறது ஸ்டப். யார் வந்து என்ன சொன்னார்கள் என்று குறித்துவைப்பது ஸ்பை. 'இன்னார் வந்து இன்னதைத்தான் சொல்லவேண்டும்' என்று எதிர்பார்த்து நிற்பது மொக். அசல் வேலையை மலிவாகச் செய்து காட்டுவது ஃபேக். இதை முதல் வாசித்த அன்று எனக்குப் பெரிய சந்தோசம். கணினிக்காரர் எங்கட வீட்டுச் சாமானை எடுத்துத்தான் பாவிக்கிறார்கள்!

பைதனில் இதற்கு இருக்கும் லைப்ரரியை எழுதியவர் மைக்கல் ஃபோர்ட். முதலில் தனியாக இருந்தது. 2012இல் பைதன் 3.3 வந்தபோது மொழியோடேயே சேர்த்துவிட்டார்கள், 'யுனிட்டெஸ்ட்.மொக்' என்ற பெயரில். அதில் 'பட்ச்' என்று ஒன்று இருக்கிறது. 'இந்த இடத்தில் இருக்கும் ஆளை எடுத்துவிட்டுப் பதிலாளைப் போடு' என்கிற கட்டளை.

இந்த 'இடம்' என்ற சொல்லில் நான் ரெண்டு நாள் செத்தேன். மெசேஜ் அனுப்பும் ஃபங்சன் 'எஸ்எம்எஸ்' என்ற ஃபைலில் இருக்கிறது. அதை நினைவூட்டி ஃபைல் தன்னிடம் கூப்பிட்டு வைத்திருக்கிறது. நான் எஸ்எம்எஸ் ஃபைலில் பட்ச் பண்ணினேன். நினைவூட்டி அதைக் கணக்கெடுக்கவேயில்லை. அண்ணா ஃபோனில் விளங்கப்படுத்தினார், விளங்கவில்லை. பிறகு நானே நாடகத்தை வைத்து யோசித்தேன். அரசன் வேசக்காரர் ஏற்கனவே வீட்டிலிருந்து வெளிக்கிட்டு வந்து மேடையில் நிற்கிறார். நான் அவரின்ர வீட்டில் போய்ப் பதிலாளை இருத்தினால் என்ன பிரயோசனம்? மேடையில்தான் மாற்றவேண்டும். அதாவது ஒரு பெயர் எங்கே பிறந்தது என்பது முக்கியமில்லை, எங்கே பாவிக்கப்படுகிறதோ அங்கே பட்ச் பண்ணவேண்டும். அதுக்குப் பிறகு இந்தப் பிழையை நான் விடவேயில்லை. வேற பிழைகளை விட்டேன்.

மொக்கிடம் ஒரு கெட்ட குணம். எதைக் கேட்டாலும் ஓம் என்று சொல்லும். இல்லாத ஒன்றைக் கேட்டாலும் அந்த இடத்திலேயே இன்னொரு மொக்கை உண்டாக்கித் தந்துவிடும். 'ஒருதரம் மட்டும் கூப்பிடப்பட்டதா என்று உறுதிப்படுத்து' என்பதற்கான பெயரில் முன்னுக்கு 'அசர்ட்' என்ற சொல் வரவேண்டும். நான் அதை விட்டுவிட்டு எழுதினேன். அது எதையும் உறுதிப்படுத்தவில்லை, ஓம் ஓம் என்றது, டெஸ்ட் பச்சை காட்டியது. கன நாள் பச்சை. இப்படி விழுந்தவள் நான் மட்டும் இல்லைப்போல, பைதன் 3.12 இலிருந்து இந்தப் பிழையை விட்டால் அது நேரடியாகக் கத்தும். 'ஓட்டோஸ்பெக்' என்று கேட்டுப் போட்டால் அசல் ஆளுக்குத் தெரிந்த வேலைகளுக்கு மட்டும்தான் பதிலாளும் ஓம் சொல்லும். நான் இப்ப அது இல்லாமல் மொக் போடுவதில்லை.

இனி ஒன்பது மெசேஜுக்கு வருகிறேன்.

டெஸ்ட்களை ஓட்டிக் கணக்குச் சொல்வதற்கு ஒரு ஃபிரேம்வேர்க் வேண்டும். பைதனோடு கூடவே வருவது யுனிட்டெஸ்ட். 2001இல், பைதன் 2.1 காலத்திலிருந்து இருக்கிறது. ஜாவாவின் ஜேயுனிட்டைப் பார்த்துச் செய்தது. அந்த ஜேயுனிட், கென்ட் பெக்கும் எரிக் காமாவும் 1997இல் சூரிச்சிலிருந்து அட்லான்டாவுக்குப் போன விமானத்தில் இருந்து எழுதத் தொடங்கியது. (நான் பஸ்ஸில் நாலு மணித்தியாலம் போனால் நித்திரைதான் கொள்வேன்.) மற்றது பைடெஸ்ட். எழுதுவது குறைவு, பிழை வந்தால் எங்கே என்று வடிவாகக் காட்டும்.

நான் யுனிட்டெஸ்டில் தொடங்கியிருந்தேன். அதில் டெஸ்ட்களை ஒரு கிளாஸுக்குள் எழுதுவோம். அந்தக் கிளாஸ், 'டெஸ்ட்கேஸ்' என்ற தாய்க் கிளாஸின் பிள்ளையாக இருக்கும். உள்ளே 'செட்அப்' என்று ஒன்று எழுதினால், ஒவ்வொரு டெஸ்டுக்கும் முன்னால் அதை யுனிட்டெஸ்டே ஓட்டும். என்னுடைய பட்ச் அந்தச் செட்அப்புக்குள் இருந்தது. ஒவ்வொரு டெஸ்டும் தொடங்க முன்னம் அனுப்புகிற ஆளை இறக்கிவிட்டுப் பதிலாளை ஏற்றும். முடிந்ததும் இறக்கும். ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. மொத்தம் 31 டெஸ்ட், எல்லாம் பச்சை.

ஆவணியில் அண்ணா, "பைடெஸ்டுக்கு மாத்திப் பாரன், சுகமா இருக்கும்" என்றார். உண்மையில் ஒன்றுமே மாற்றத் தேவையில்லை. யுனிட்டெஸ்டுக்கு எழுதினதை பைடெஸ்ட் அப்படியே ஓட்டும். அது எனக்குத் தெரியாது. மாற்று என்றால் மாற்றுவதுதானே என்று உட்கார்ந்தேன். மொக் லைப்ரரியின் பெயரிலேயே யுனிட்டெஸ்ட் என்று இருக்கிறதே, பைடெஸ்டில் வேலை செய்யுமா என்று முதல் தேடினேன். செய்யும். மொக்குக்கு ஃபிரேம்வேர்க் யார் என்று கவலையில்லை. எதிர்பார்த்தது நடக்காவிட்டால் அது 'அசர்சன் எரர்' என்று ஒரு சத்தம் போடும். அந்தச் சத்தத்தைக் கேட்டால் 'டெஸ்ட் ஃபெயில்' என்று விளங்கிக்கொள்ள யுனிட்டெஸ்டுக்கும் தெரியும், பைடெஸ்டுக்கும் தெரியும். எனக்கு நிம்மதி. நிம்மதி வந்ததுதான் பிழை.

தாய்க் கிளாஸை வெட்டினேன். பைடெஸ்டுக்கு அது தேவையில்லையாம். யுனிட்டெஸ்டின் நீட்டு நீட்டுச் சொற்களையெல்லாம் எடுத்துவிட்டு வெறும் 'அசர்ட்' போட்டேன். கோட் பாதியாகச் சுருங்கியது. பார்க்கவே வடிவு. இரவு ஒன்பது இருபதுபோல ஓட்டினேன்.

தாய் இல்லாத கிளாஸில் 'செட்அப்' என்று யுனிட்டெஸ்ட் பாணியில் எழுதினதை பைடெஸ்ட் ஓட்டாது. அதுக்கு அது வெறும் ஒரு பெயர். பைடெஸ்ட் தேடுவது 'செட்அப்_மெதட்' என்பதை. ஆகவே பதிலாள் மேடைக்கு வரவேயில்லை. அசல் ஆளே நின்றார். முதல் நாள்தான் நான் உண்மையாக ஒரு மெசேஜ் அனுப்பிப் பார்த்திருந்தேன். அதால் மெசேஜ் கம்பனி தந்த கடவுச்சொல்லும் லப்டொப்பிலேயே இருந்தது. அசல் ஆள், அசல் கடவுச்சொல். டெஸ்ட் சொன்னதை அப்படியே செய்தார்.

அஞ்சு டெஸ்ட் சிவப்பு. 'மொக்கைக் காணவில்லை' என்ற மாதிரி ஒரு பிழை. நான் அதைப் பார்த்து 'ஆ, பெயர் மாறிப்போச்சு' என்று நினைத்தேன். அந்த அஞ்சு டெஸ்டும் சிவப்பாக முதல், தங்கட மெசேஜை அனுப்பிவிட்டுத்தான் சிவப்பாகின என்பது மண்டையில் ஏறவில்லை. கோட் முதல் ஓடும், அனுப்பும், பிறகுதான் மொக்கிடம் போய் 'நீ கண்டாயா?' என்று கேட்கும். கேட்க ஆள் இல்லை என்று அப்போதுதான் விழும். இன்னும் நாலு டெஸ்ட் மொக்கிடம் ஒன்றும் கேட்கிறதில்லை, திகதியை மட்டும் பார்க்கும். அவை மெசேஜை அனுப்பிவிட்டுப் பச்சையாகவும் நின்றன. பச்சை காட்டிக்கொண்டு அனுப்பின அந்த நாலும்தான் எனக்கு இப்பவும் பயம்.

இன்னொன்றையும் நான் பார்க்கவில்லை. 31 டெஸ்ட் இருந்த இடத்தில் 24தான் ஓடியிருந்தது. ஒரு கிளாஸுக்கு 'டெஸ்ட்' என்ற சொல்லைப் பெயரின் கடைசியில் வைத்திருந்தேன். தாய் இருந்த காலத்தில் பெயர் பிரச்சினை இல்லை. தாய் இல்லாவிட்டால், பெயர் 'டெஸ்ட்' என்று தொடங்கினால்தான் பைடெஸ்ட் அதை ஆளாகவே மதிக்கும். ஏழு டெஸ்ட் சத்தமில்லாமல் காணாமல் போயிருந்தது. பிழை என்றுகூட ஒரு சொல் இல்லை.

திருத்திவிட்டு ரெண்டாம் தரம் ஓட்ட விரலை வைத்தபோதுதான் அம்மாவின் கோல் வந்தது. வராவிட்டால் பதினெட்டு.

ஏன் அம்மாவின் நம்பர்? ஏன் அம்மம்மா? டெஸ்டுக்கு ஒரு மாதிரி ஆள் வேண்டும். இந்த வேலையைத் தொடங்கினது முந்தின மார்கழியில். அம்மம்மா விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்தா. நான் பக்கத்தில் நிலத்தில் லப்டொப்போடு. "அம்மம்மா, கிளினிக் கொப்பியைத் தாங்கோ" என்று வாங்கி, பெயர், திகதி எல்லாம் அதைப் பார்த்தே போட்டேன். அவவிடம் ஃபோன் இல்லை, அதனால் அம்மாவின் நம்பர். எனக்குப் பாடமான ஒரே நம்பரும் அதுதான். "உந்தப் பெட்டி எனக்கு அறிவிக்குமோ?" என்று கேட்டா. மாசியில் தொடங்கிவிடும் என்று சொன்னேன். அவ தையில் போயிட்டா. டெஸ்ட் ஃபைலில் பெயர் அப்படியே இருந்தது. நான் மாற்றவில்லை. மறந்துபோய் என்று சொல்லலாம், ஆனால் ஒவ்வொரு கிழமையும் அந்த ஃபைலைத் திறந்துகொண்டுதான் இருந்தேன்.

மாசியில் ஊருக்கு மெசேஜ் போகத் தொடங்கியது. அம்மம்மாவுக்கு மட்டும் ஆவணியில் போனது. டெஸ்ட் என்பதால் திகதியெல்லாம் கோணங்கி. ஒன்று 29.02. லீப் வருசத்தைச் சரியாகக் கணக்கெடுக்கிறதா என்று பார்க்க எழுதினது. ஒன்று 31.12. ஒன்றில் பெயரே இல்லை, "அவர்களுக்கு நாளை" என்று மொட்டையாகத் தொடங்கியது. ஒன்றில் அம்மம்மாவின்ர பெயர் ஏழு தரம் வரிசையாக இருந்தது.

அண்ணாவுக்குக் கோல் எடுத்தபோது அழுதுகொண்டுதான் கதைத்தேன். அவர் முதல் கேட்டது, "வேற ஆற்றையும் நம்பர் போட்டனியோ?" இல்லை என்றேன். "அப்ப சரி" என்று மூச்சு விட்டார். அந்த மூச்சுக்குப் பிறகுதான் விசயத்தின் பாரம் எனக்கு விளங்கியது. ஊர்ப் பட்டியலைப் பிரதியெடுத்து டெஸ்டுக்குப் போட்டிருந்தால்? போடலாம் என்று ஒருதரம் யோசித்தும் இருந்தேன். எழுபது, எண்பது வயது ஆட்கள் விடிய முதல் பஸ்ஸில் போய், கிளினிக் இல்லாத நாளில் ஆஸ்பத்திரி வாங்கில் இருந்திருப்பார்கள். அவர்கள் மெசேஜை நம்புகிறவர்கள்.

அன்று இரவே எல்லாவற்றையும் ஒருக்கால் பார்த்தோம். மொக் லைப்ரரியில் பிழை இல்லை. அது ரெண்டு ஃபிரேம்வேர்க்கிலும் ஒரே மாதிரித்தான் நடிக்கிறது. வித்தியாசம், பதிலாளை யார் எப்ப மேடைக்கு ஏற்றுவது, யார் எப்ப இறக்குவது என்பதில். அது ஃபிரேம்வேர்க்கின் வேலை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகச் செய்கிறது. பைடெஸ்டில் அதுக்கு 'ஃபிக்ஸ்சர்' இருக்கிறது. ஒரு ஃபங்சன் எழுதி, நடுவில் 'யீல்ட்' என்று ஒரு சொல். அதுக்கு மேலே ஏற்றுகிற வேலை, கீழே இறக்குகிற வேலை. நடுவில் டெஸ்ட் ஓடும். அதை யுனிட்டெஸ்டின் செட்அப்பை விட எனக்குப் பிடித்திருக்கிறது, ஏற்றமும் இறக்கமும் ஒரே இடத்தில் கண்ணுக்கு முன்னால் இருப்பதால்.

பிறகு என்னோடு படித்த, இப்ப கணினி படிக்கிற சிநேகிதியிடம் கேட்டேன். ஜாவாவிலும் இதே கதைதான் என்றாள். அங்கே மொக்கிட்டோ என்ற லைப்ரரி. ஜேயுனிட் 4 என்றால் அதுக்கென்று 'ரன்னர்' ஒன்றைக் கிளாஸுக்கு மேலே எழுதவேண்டும். ஜேயுனிட் 5இல் அந்த வரியை மாற்றி 'எக்ஸ்டென்சன்' போடவேண்டும். பழைய வரியை அப்படியே விட்டுவிட்டால் மொக் வரவேண்டிய இடம் வெறுமையாக இருக்கும். டெஸ்ட்என்ஜி என்றால் 'ஓப்பின்மொக்ஸ்' என்று நாங்களே கூப்பிட்டு ஏற்றவேண்டும். அதோடு ஜேயுனிட் சாதாரணமாக ஒவ்வொரு டெஸ்டுக்கும் கிளாஸிலிருந்து புதுசாக ஒரு ஒப்ஜெக்ட் செய்யும், டெஸ்ட்என்ஜி ஒரே ஒப்ஜெக்ட்டை வைத்தே அந்தக் கிளாஸின் எல்லா டெஸ்டையும் ஓட்டும். கவனிக்காவிட்டால் முதல் டெஸ்டில் பார்த்த கணக்கை மொக் ரெண்டாம் டெஸ்டிலும் சொல்லிக்கொண்டு நிற்கும். முதல் நாள் ஒத்திகையின் வசனத்தை அடுத்த நாள் பேசுகிற பதிலாள் மாதிரி.

ஜாவாஸ்கிரிப்டில் ஒரு லைப்ரரியின் பெயர் சைனன். எந்த ஃபிரேம்வேர்க்கோடும் போகும், ஆனால் மோக்காவில் பாவித்தால் ஒவ்வொரு டெஸ்டும் முடிய நாங்களே 'ரிஸ்டோர்' சொல்லி இறக்கவேண்டும். பெயரைப் பார்த்ததும் நான் சிரித்துவிட்டேன். ட்ரோய் யுத்தக் கதையில் மரக்குதிரையை உள்ளே எடுக்கச் சொல்லி ட்ரோய் ஆட்களை ஏமாற்றுகிற கிரேக்கனின் பெயர் அதே சைனன். சிநேகிதிக்கு அது தெரியாது. ஆர்ட்ஸ் படித்த எனக்குத்தான் தெரிந்திருந்தது. இதை எழுதாமல் விட மனம் வரவில்லை.

திருத்தினது என்ன என்றால், பைடெஸ்டில் 'கொன்ஃப்டெஸ்ட்' என்ற ஃபைல் ஒன்று வைக்கலாம். அதுக்குள் 'ஓட்டோயூஸ்' என்று குறித்த ஃபிக்ஸ்சர் கேட்காமலேயே எல்லா டெஸ்டுக்கும் ஓடும். அதில் இணையத்துக்குப் போகிற வழியையே கழற்றிவைத்திருக்கிறேன். எங்கட கோட் 'ரிக்குவெஸ்ட்ஸ்' என்ற லைப்ரரியால்தான் வெளியே போகிறது, அதன் கதவைப் பூட்டினால் போதும். இனி எந்த டெஸ்டில் நான் மொக் போட மறந்தாலும் மெசேஜ் போகாது, டெஸ்ட் விழும். கடவுச்சொல் இப்ப என் லப்டொப்பில் இல்லை. காணாமல் போன ஏழு டெஸ்டும் திரும்பி வந்துவிட்டன. கோட்டை எப்ப மாற்றினாலும் பச்சையைப் பார்க்க முதல் எண்ணிக்கையைப் பார்க்கிறேன்.

எல்லாத்தையும் மொக் பண்ணினால் சரி என்று ஒருகாலம் நினைத்திருந்தேன். இப்ப இல்லை. திகதிக் கணக்கு டெஸ்ட்களில் மொக்கே தேவையில்லை, அவற்றிலிருந்து எடுத்துவிட்டேன். கணக்கைச் செய்கிற இடத்தையும் அனுப்புகிற இடத்தையும் கோட்டிலேயே பிரித்தால் பதிலாட்கள் பாதியாகக் குறைகிறார்கள். மாதம் ஒருதரம் என் சொந்த நம்பருக்கு ஒரு உண்மையான மெசேஜும் அனுப்பிப் பார்க்கிறேன், ஏனென்றால் பதிலாட்களோடு மட்டும் ஒத்திகை பார்த்த நாடகம் அரங்கேற்றத்தில் என்ன ஆகும் என்று கண்டிருக்கிறேன். நம்பர் இப்ப எல்லாம் பூச்சியம். பெயர் அப்படியே இருக்கிறது. அண்ணா அதைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

விடுமுறைக்கு வீட்ட போனபோது அம்மா அந்த ஒன்பதையும் அழிக்காமல் வைத்திருந்தா. பின்னேரம் தேத்தண்ணியோடு வந்து இருந்து, ஃபோனை நீட்டினா.

"இது ஏன் ஏழு தரம்? ஆரோ அவவைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கினமாக்கும் எண்டு நினைச்சன்."

நான் விளங்கப்படுத்தினேன். இங்கிலீசில் ஒரு மெசேஜுக்கு 160 எழுத்து. தமிழ் என்றால் 70தான். அதிலும் 'கி' என்று எழுதினால் ஒன்று இல்லை, ககரம் ஒன்று விசிறி ஒன்று என்று ரெண்டாகக் கணக்கு. குற்றும் தனிக்கணக்கு. 70ஐத் தாண்டினால் ரெண்டு மெசேஜ் காசு. எங்கட வசனத்துக்கே 55 போய்விடுகிறது. பெயர் நீளமாக இருந்தால் அது ஒழுங்காக ரெண்டாகப் பிரிகிறதா என்று பார்க்கத்தான் ஏழு தரம் போட்டேன், வேற ஒன்றும் இல்லை அம்மா.

அம்மா விரல் விட்டு எண்ணினா. அம்மம்மாவின்ர பெயர் ஏழு. மிச்சம் 15.

"அப்ப ரெண்டு தரம் கூப்பிட்டிருந்தா ஒரு மெசேஜ் காசோட முடிஞ்சிருக்கும்" என்றா.

நானும் எண்ணிப் பார்த்தேன். ஏழும் ஏழும் நடுவில் ஒரு இடைவெளியும். சரிதான். 70.